வாசகர் கேள்வி பதில்: டிரம்மைக் கழற்றினால் மட்டும் வண்டி நின்றுவிடுமா?

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பிரேக் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், பாதிப் பேர் டிரம் பிரேக்கை (சக்கரத்தோடு சுற்றுகிற உருளைக்குள் ஷூ விரிந்து உரசுவது) டிஸ்க்குக்கு (சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது) மாற்றலாமா என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் மாற்றிவிட்டு ஏன்டா மாற்றினோம் என்று புலம்புகிறார்கள். அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதும் பிரேக்குக்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். ஸ்டீயரிங் ஆட்டம் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 1966 ஷெவர்லே சி10 இருக்கிறது. நாலு சக்கரமும் டிரம். பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. நீளமான இறக்கத்தில் பெடல் கீழே கீழே போகிறது. முன்னால் டிஸ்க் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நீங்கள் சொன்னது இரண்டு தனித்தனி வியாதி. இடது பக்கம் இழுப்பது பெரும்பாலும் டிரம் பிரேக்கின் குற்றமே இல்லை. ஒரு பக்க வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் ஷூவைத் தள்ளுகிற சின்ன உருளை) கசிந்து லைனரில் (ஷூ மேல் ஒட்டியிருக்கிற உரசும் பட்டை) ஆயில் பட்டிருக்கலாம், ஹப்பில் இருந்து கிரீஸ் இறங்கியிருக்கலாம், இரண்டு பக்கத்துக்கும் அட்ஜஸ்ட்மென்ட் வேறாக இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் யாரோ லைனர் மாற்றியிருக்கலாம். டிரம்முக்கு ஒரு குணம் உண்டு: ஷூ உரச ஆரம்பித்ததும், சுற்றுகிற டிரம்மே அதைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். உங்கள் கால் கொடுப்பது கொஞ்சம், மீதியைச் சக்கரமே கொடுக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன வித்தியாசத்தையும் அதுவே பெரிதாக்கிக் காட்டும். டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாகவோ பளபளவென்று கண்ணாடி மாதிரியோ லைனர் இருந்தால் இழுப்புக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இறக்கத்தில் பெடல் கீழே போவதுதான் டிரம்மின் பிறவிக் குறை. சூடானால் டிரம் வெளிப்பக்கமாக விரிகிறது, உள்ளே இருக்கிற ஷூ அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கூடவே லைனரின் பிடிமானமும் குறைகிறது. டிஸ்க் சூடானால் தடிமன் கூடும், அதாவது பேட் இருக்கிற பக்கத்துக்கே வரும். அது திறந்த வெளியில் சுற்றுவதால் காற்று பட்டுச் சீக்கிரம் ஆறவும் செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1800 கிலோ வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்தினால் ஏறக்குறைய 7 லட்சம் ஜூல் சக்தி வெப்பமாக மாற வேண்டும். அதில் 70 சதவீதம் முன்சக்கரத்துக்குப் போகிறது, முன்னால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு தடவை பிடிப்பதற்கு டிஸ்க்கின் சூடு 50 டிகிரிக்கு மேல் ஏறும். ஆற விடாமல் அடுத்தடுத்து ஐந்து தடவை பிடித்துப் பாருங்கள். வேகம் பாதியானால் இந்தச் சூடு கால்வாசிதான், அதனால்தான் ஊருக்குள் 50-ல் ஓட்டுகிற ஆளுக்கு டிரம்மிலேயே ஒரு குறையும் தெரிவதில்லை.

இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. டிஸ்க் போட்டால் முதல் தடவை பிடிக்கும்போதே வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்கிற அளவுக்கு உங்கள் டிரம் இன்றைக்கே பிடிக்கிறது என்றால், அதற்குமேல் நிறுத்துவது டயருடைய வேலை. மெலிந்த பழைய டயரை வைத்துக்கொண்டு டிஸ்க் மாட்டினால் தூரம் குறையாது. ஐந்தாவது தடவையும், மழையில் நனைந்த பிறகும், முதல் தடவை மாதிரியே, இழுக்காமல், நேராகப் பிடிக்கும், டிஸ்க்கின் லாபம் அதுதான். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் டன்லப் டிஸ்க்கோடு ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற வண்டிகள் டிரம் சூட்டுக்குப் பயந்து முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டபோது, இவர்களால் வளைவுக்குப் பக்கத்தில் வரை போய்ப் பிடிக்க முடிந்தது. ஷெவர்லே சிறு பிக்கப்களுக்கு அந்த டிஸ்க் 1971-ல்தான் வழக்கமான பொருளாக முன்சக்கரத்துக்கு வந்தது.

உங்களுக்கு என் யோசனை: 1966 என்றால் ஒற்றை மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் சேர்த்துத் தள்ளுகிற ஒரே பம்ப். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. அடுத்த வருடமே, 1967-ல், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகத் தள்ளுகிற இரட்டை வந்துவிட்டது. டிஸ்க் போடுகிறீர்களோ இல்லையோ, அதை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: 1950-களின் பிக்கப். மாஸ்டர் சிலிண்டர் காலுக்கு அடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. முன் டிஸ்க் கிட் வாங்கிவிட்டேன். பழைய மாஸ்டரையே ஓட்ட முடியாதா? நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: முடியாது. நன்றாக இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை, அது டிரம்முக்கென்று செய்த பொருள்.

முதல் சிக்கல், அதற்குள் இருக்கிற ஒரு சின்ன வால்வு. காலை எடுத்த பிறகும் பைப்பில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு) வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் அது தேவை, வீல் சிலிண்டர் ரப்பரின் உதடு சுவரோடு ஒட்டியே இருக்கும், காற்று உள்ளே புகாது. ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் இந்த 10 அங்கே ஒன்றும் செய்யாது. டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது. பேட் டிஸ்க்கை விட்டு நகர்வதே தலைமுடி அளவுதான், அதுவும் ரப்பர் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவதால். அங்கே 10 பிஎஸ்ஐ தங்கினால் பேட் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, உயரம். மாஸ்டர் கீழேயும் காலிப்பர் மேலேயும் இருந்தால், வண்டி நிற்கும்போது ஆயில் மெதுவாக மாஸ்டருக்கே இறங்கிவிடும். மறுநாள் காலையில் முதல் மிதி பள்ளத்தில் விழும், இரண்டாவது மிதிக்குத்தான் பெடல் வரும். அதற்கு டிஸ்க் பைப்பில் 2 பிஎஸ்ஐ வால்வு, டிரம் பைப்பில் 10 பிஎஸ்ஐ வால்வு, இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். புது மாஸ்டருக்குள்ளேயே வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மாஸ்டரைக் கேபின் முன்சுவரில் உயரமாகத் தூக்கிவிட்டால் 2 பிஎஸ்ஐ தேவையே இல்லை, ஆனால் அதற்குப் பெடலையே தொங்குகிற மாதிரி மாற்ற வேண்டும், அது வேறு பெரிய வேலை.

மூன்றாவது, கொள்ளளவு. காலிப்பர் பிஸ்டன் வீல் சிலிண்டரைவிடப் பல மடங்கு பெரிது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். பழைய டப்பா சின்னது. டிஸ்க்குக்கான மாஸ்டரில் ஒரு அறை பெரிதாக இருக்கும். அதுதான் முன்சக்கரத்துக்கு. எந்த அறை எங்கே என்று மாடலுக்கு மாடல் மாறும், பெரிய அறை டிஸ்க்குக்கு என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: டிஸ்க் மாற்றியாயிற்று, இரட்டை மாஸ்டரும் போட்டாயிற்று. கடையில் 1 அங்குலம், 1 1/8 அங்குலம் இரண்டும் இருந்தன, பெரியதே நல்லது என்று 1 1/8 வாங்கினேன். பூஸ்டர் (கால் கொடுக்கிற அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற சாதனம்) இல்லை. இப்போது பெடல் கல்லை மிதிப்பது போல் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. டிரம்மே தேவலை என்று தோன்றுகிறது.

பதில்: டிரம்மே தேவலை என்று எழுதியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, எண்ணி ஏழு பேர். ஏழு பேர் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

முதல் பதிலில் சொன்னேனே, டிரம் தன்னைத் தானே அழுத்திக்கொள்ளும் என்று. டிஸ்க்குக்கு அந்தக் குணம் துளியும் இல்லை. கால் கொடுத்த அழுத்தம்தான் பேடுக்கு, ஒரு பைசா கூடுதல் கிடையாது. அழுத்திப் பிடிக்க முன் பைப்பில் 900 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் மாஸ்டருக்கு வருவோம். கால் 30 கிலோ கொடுக்கிறது, பெடல் அதை 6 மடங்காக்குகிறது, ஆகப் பிஸ்டன் மேல் 180 கிலோ. 1 அங்குல பிஸ்டனில் அது சுமார் 500 பிஎஸ்ஐ. 1 1/8 அங்குலத்தில் சுமார் 400 தான். அளவு பெரிதானால் ஆயில் அதிகம் தள்ளும், அழுத்தம் குறைவாகத் தரும். பெடல் கல் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம், கொஞ்ச தூரத்திலேயே பேட் டிஸ்க்கைத் தொட்டுவிடுகிறது, அதற்குமேல் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் ஏற மறுக்கிறது. மெத்தென்று நீளமாகப் போகிற பெடல் மோசம் என்றும் கல் மாதிரி நிற்கிற பெடல் உசத்தி என்றும் ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு மாஸ்டர் வாங்கக் கூடாது.

பூஸ்டர் வேண்டாம் என்றால் 1 அங்குலத்துக்கு மாறுங்கள், பெடலின் அச்சில் இருந்து கால் வைக்கிற இடம் வரை அளந்து, அச்சில் இருந்து தள்ளுகம்பி மாட்டுகிற இடம் வரை இருக்கிற தூரத்தால் வகுத்துப் பாருங்கள், 6 வரவேண்டும். பூஸ்டர் போடுவதானால் 4 போதும். 6-லேயே பூஸ்டரும் மாட்டினால் காலை வைத்தாலே முகம் கண்ணாடியில் போய் முட்டும். நல்ல பூஸ்டர் பிராக்கெட்டில் கம்பிக்கு வேறு ஓட்டை கொடுத்திருப்பார்கள், அது இதற்காகத்தான்.

பூஸ்டருக்கு முன்னால் இன்ஜின் வேக்யூமை, அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற சக்தியை, கேஜ் வைத்துப் பாருங்கள். ஐடிலில் 16, 18 அங்குலம் காட்டினால் கவலை இல்லை. பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டு, நின்றால் தட தடவென்று குலுங்குகிற இன்ஜினில் 10 கூட வராது. அங்கே வேக்யூம் பூஸ்டர் வெறும் அலங்காரத் தகடு. பவர் ஸ்டீயரிங் பம்பில் இருந்து ஓடுகிற ஹைட்ரோபூஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அப்படிப்பட்ட வண்டிக்கு அதுதான் வழி. போட்ட பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். காலுக்கு அடியில் பெடல் மெல்ல இறங்க வேண்டும்.

கேள்வி: வண்டி காலியாக இருக்கும்போது சட்டென்று பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஒரு பக்கம் போகிறது. முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம்.

பதில்: பிக்கப்புக்கே உரிய தலைவலி. காருக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் எடை இருக்கும். இங்கே இன்றைக்கு வெறும் தகடு, நாளைக்கு அரை டன். 1800 கிலோ வண்டியில் காலியாக நிற்கும்போது பின் அச்சில் 720 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். நன்றாக அழுத்திப் பிடிக்கும்போது அதில் சுமார் 300 கிலோ முன்னால் போய்விடும். மிச்சம் 400 சொச்சம். அந்த எடைக்குப் பின் டிரம் ரொம்ப அதிகம்.

அதற்குத்தான் புரோபோர்ஷனிங் வால்வு. ஒரு அளவு வரை முன்னும் பின்னும் ஒரே அழுத்தம்தான் போகும், அதற்குப் பிறகு பின்பக்கம் ஏறுவதை மட்டும் குறைக்கும். டிஸ்க்-டிரம் வண்டிக்கான காம்பினேஷன் வால்வில் இதோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கும். ஒன்று, பின் ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி டிரம்மைத் தொடும் வரை முன் டிஸ்க்கைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கும். இன்னொன்று, ஒரு பக்கம் அழுத்தம் போய்விட்டால் டாஷ்போர்டில் விளக்கை எரிய வைக்கும். பழைய டிரம்-டிரம் வண்டியின் பித்தளைக் கட்டை வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே குறைக்கிற வேலை இல்லை. நீங்கள் அதையே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கையால் திருகிச் சரிசெய்கிற வால்வு போடுவதானால் பின் பைப்பில் மட்டும். காம்பினேஷன் வால்வு ஏற்கெனவே இருந்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று வேண்டாம், இரண்டும் சேர்ந்து குறைத்து என்ன வருகிறது என்றே புரியாமல் போகும். பின்பக்கத்துக்கு மிகக் குறைவான நிலையில் ஆரம்பியுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில், காலி வண்டியை, 40-ல் ஓட்டிப் பிடியுங்கள், வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பின்சக்கரம் முந்துகிற இடம் வந்ததும் ஒரு சுற்று திரும்பி வந்துவிடுங்கள். பாரம் ஏற்றினால் இந்த அளவில் பின் பிரேக் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். இருக்கட்டும், வால் சுற்றுவதைவிட அது மேல்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். லேசாகத் தொட்டாலே பின்சக்கரம் கப்பென்று பிடிக்கிறது என்றால் வால்வைத் திருகிப் பயனில்லை, குறைந்த அழுத்தத்தில் அந்த வால்வு வேலையே செய்யாது. டிரம்மைத் திறந்து லைனரில் ஆயில் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மூன்று நாளாக பிரேக் பைப்பில் மாட்டிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கிறேன். பெடல் பஞ்சு மாதிரியே இருக்கிறது. கசிவு எங்கேயும் இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்த வேலையில் நானும் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் வீணடித்திருக்கிறேன்.

முன் டிஸ்க் மாட்டிவிட்டு ஏர் எடுக்க உட்கார்ந்தேன். பையன் கேபினில் பெடல் மிதிக்க, நான் தரையில் படுத்து, காலிப்பரில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு டப்பா பிரேக் ஆயில் காலி. ஜாடிக்குள் ஒரு குமிழி வராமல் சுத்தமாக ஓடுகிறது, ஆனால் பெடல் மட்டும் தரையைத் தொடுகிறது. மாஸ்டர்தான் கெட்டது என்று முடிவு கட்டிக் கழற்றி, பெஞ்சில் வைத்துத் திரும்ப ஏர் எடுத்து மாட்டினேன். மறுபடி அதே கதை. கால் வலிக்குது என்று இறங்கி வந்தவன் என் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, காத்து மேலதானே போகும்? இந்த நட்டு கீழ இருக்கே" என்றான். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். போல்ட் எல்லாம் சரியாகப் பொருந்தும், எதுவும் தடுக்காது, நிப்பிள் மட்டும் கீழே போய்விடும், மேலே மாட்டிக்கொண்ட காற்றுக்கு வெளியேற வழியே இருக்காது. இருபது நிமிடத்தில் மாற்றினேன், அரை டப்பாவில் பெடல் வந்தது.

நிப்பிள் மேலே பார்த்து இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், மாஸ்டரை வண்டியில் மாட்டுமுன் பெஞ்சில் வைத்து ஏர் எடுத்தீர்களா? வாயில் இருந்து சின்னக் குழாயை வளைத்து அதன் டப்பாவுக்குள்ளேயே விட்டு, குமிழி நிற்கும் வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ள வேண்டும். அப்புறம், பின் டிரம்மின் ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் இருந்தாலும் பெடல் இப்படித்தான் கீழே போகும், ஆனால் அது காற்று இல்லை, ஷூ டிரம்மை எட்டுவதற்கே பெடல் தூரம் செலவாகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்: அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை மிதியுங்கள், பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால் அட்ஜஸ்ட்மென்ட். மேலே வந்தும் மெத்து மெத்தென்றே இருந்தால் காற்று, இல்லாவிட்டால் உப்புகிற பழைய ரப்பர் ஹோஸ்.

கேள்வி: அரை மணி நேரம் ஓட்டினால் முன்சக்கரம் கொதிக்கிறது, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது. காலிப்பர் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: காலிப்பரைப் பாவம் ஏன் மாற்றினீர்கள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே தேடினால்தான் ஆள் கிடைப்பான். ஒரு ஸ்பேனரோடு போய், சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். முதலில் மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி மாஸ்டரை முன்னால் இழுங்கள். பிரேக் விட்டுவிட்டதா? பூஸ்டர் கம்பி நீளம் அதிகம். மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற சின்ன ஓட்டையை மூடியே வைத்திருக்கிறது, சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, அது பேடைத் தள்ளுகிறது. பேட் இன்னும் உரசி இன்னும் சூடு. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஆனால் கட்டாயம் இடைவெளி இருக்க வேண்டும்.

விடவில்லையா? மாஸ்டரில் இருந்து போகிற முன் பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். பீய்ச்சிக்கொண்டு விட்டால், மாஸ்டருக்குள் டிரம்முக்கான 10 பிஎஸ்ஐ வால்வு இருக்கிறது. அதற்கும் விடாமல் காலிப்பர் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால், நடுவே இருக்கிற ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டது, வெளியே புதிது மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால்தான் காலிப்பர் பிஸ்டனோ அது நழுவுகிற பின்னோ இறுகியிருக்கிறது. சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும். நட்டுகளைத் திரும்ப இறுக்கி, திறந்த பக்கம் ஏர் எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: டிஸ்க் மாட்டினேன், பழைய வீல் ஏறவே இல்லை.

பதில்: காலிப்பர் இடிக்கும். பழைய 15 அங்குல வீல்களில் சில ஏறும், சில ஏறாது, உள் வடிவத்தைப் பொறுத்தது. கிட் வாங்குமுன் காலிப்பரின் உருவத்தை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பாருங்கள். சில கிட்கள் சக்கரத்தை வெளியே தள்ளிவிடும், அரை அங்குலம் தள்ளினாலே திரும்பும்போது மட்கார்டில் உரசும். போல்ட் எண்ணிக்கையையும் பாருங்கள். சி10-க்கு 1970 வரை 6 போல்ட், 1971-ல் இருந்து 5. புது வண்டியின் அச்சுப் பாகங்களைப் பழையதில் போட்டால் முன்னால் 5, பின்னால் 6, ஸ்டெப்னி எதற்கு வைத்துக்கொள்வீர்கள்?

கேள்வி: முன்னால் போடும்போதே பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் என்ன?

பதில்: அழகாக இருக்கும். பாரத்தோடு மலை ஏறி இறங்குகிறவருக்கும், டிரெய்லர் இழுக்கிறவருக்கும் பயனும் உண்டு. மற்றவர்களுக்கு ஹேண்ட் பிரேக் ஒரு தலைவலி, டிரம்மில் அது ஒரு கேபிளோடு முடிந்துவிடுகிறது, டிஸ்க்கில் அதற்கென்று தனிச் சாமான் வேண்டும், அதில் பல சரிவில் வண்டியைப் பிடிப்பதில்லை. அந்தச் செலவை டயரில் போடுங்கள்.

கேள்வி: சிலிகான் பிரேக் ஆயில் பெயின்டைக் கெடுக்காதாமே, அதையே ஊற்றலாமா? பழைய பைப்பை நடுவில் வெட்டி இணைக்கலாமா?

பதில்: டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு, அதில் டாட் 5 என்பது சிலிகான். பெயின்டைக் கெடுக்காது, தண்ணீரை உறிஞ்சாது, உண்மைதான். ஆனால் டாட் 3, டாட் 4 எதனோடும் கலக்கக் கூடாது, நுண்ணிய குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெடலும் மெத்தென்று இருக்கும். டாட் 5.1 என்று பெயர் ஒட்டி வருகிறதே, அது சிலிகான் இல்லை, குழம்பாதீர்கள். என் ஓட்டு டாட் 4-க்கு. புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அதுவே 155-க்கு இறங்கிவிடும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

பைப்பை வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற மாதிரி இறுக்குகிற இணைப்பு போடவே கூடாது. அழுத்தம் ஏறினால் பிடுங்கிக்கொண்டு வரும். முனையை இரட்டையாக மடித்து விரித்து நட்டில் உட்கார வைக்க வேண்டும். டெஃப்லான் டேப்பும் சுற்றாதீர்கள், அங்கே அடைப்பது மரையில்லை, மடித்த முனை. உள்ளே துரு தெரிந்தால் ஒட்டு வேலை வேண்டாம், நிக்கல் கலந்த செம்புப் பைப் கிடைக்கிறது, கையாலேயே வளையும், துருப்பிடிக்காது.

கூடவே ஒன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும். பழைய டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நனைத்துத் துடைத்துப் பையில் கட்டுங்கள். புது டிஸ்க்கில் துருவுக்காகத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பேட் படிவதற்கு 50-ல் இருந்து 10 வரை பத்துத் தடவை நிதானமாகப் பிடியுங்கள், நடுவில் ஆற விடுங்கள், முழுதாக நிறுத்தி மிதித்தபடியே வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் பிக்கப், 1964 மாடல். இப்போது நான்தான் ஓட்டுகிறேன், மாதத்துக்கு இரண்டு தடவை, பக்கத்துச் சாலையில். டிஸ்க் போடலாம் என்றால் அப்பா, "நான் முப்பது வருஷம் ஓட்டினேன், அதுல கை வைக்காதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, இந்தத் தடவை அப்பா பக்கம்தான் என் ஓட்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு. மாதத்துக்கு இரண்டு தடவை, பக்கத்துச் சாலை, பாரம் இல்லை, இறக்கம் இல்லை என்றால் நன்றாகச் சரிசெய்த டிரம் தாராளம். லைனரை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துப் பொருத்தச் சொல்லுங்கள், வீல் சிலிண்டரும் ஹோஸும் புதிது போடுங்கள். நிபந்தனை, அந்த ஒற்றை மாஸ்டர். டிரம்-டிரம் வண்டிக்கான இரட்டை மாஸ்டர் கிடைக்கும், அதைப் போட்டு முன், பின் பைப்பைப் பிரித்துவிடுங்கள். அப்பாவுக்கு வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, பானட்டைத் திறந்தால் மட்டும் கேட்பார். முப்பது வருஷமாக அவருக்கு ஒரு ஹோஸ்கூட வெடிக்கவில்லையா என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள், ஒரு கதை நிச்சயம் வரும்.

அப்படியும் என்றைக்காவது டிஸ்க் போட்டீர்கள் என்றால், கழற்றிய டிரம், பின்தகடு, ஹப், ஸ்பிண்டில் நட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, இடது வலது எழுதி, ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.